ரேடியோ, ஒலிப்பதிவு வேலையில் அப்ரண்டிஸாகச் சேர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே கேள்விகளோடு வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கல்லூரி சமுதாய வானொலியில் (ஒரு வளாகத்துக்கோ சுற்று வட்டாரத்துக்கோ லாப நோக்கமில்லாமல் நடக்கிற சின்ன நிலையம்) தொடங்கி, ஒரு தனியார் எஃப்.எம்.மில் ப்ரோமோ (நிகழ்ச்சிகளுக்கான முன்னோட்டம்) செய்து, இப்போது சென்னையில் மூன்று பேர் மட்டும் இருக்கிற ஒரு ஸ்டுடியோவில் விளம்பரம், பாட்காஸ்ட், ஒலிப்புத்தகம் என்று வருவதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலவரம்.

எனக்கு ஆர்.ஜே. ஆகணும். இது எனக்கான பக்கமா?

பாதி உங்களுக்கானது. ஒரு எஃப்.எம். நிலையத்தில் வெளியே தெரிகிற முகம் ஆர்.ஜே. மட்டும்தான், ஆனால் அவர் பேசுகிற ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் ப்ரொட்யூசர், ஸ்கிரிப்ட் எழுதுபவர், ஜிங்கிளும் (நிலையத்தின் குட்டிப் பாட்டு) ஸ்வீப்பரும் (பாட்டுகளுக்கு நடுவே நிலையத்தின் பெயர் சொல்லும் சில நொடித் துண்டு) செய்கிற சவுண்ட் ஆள், எந்தப் பாட்டு எப்போது என்று அட்டவணை போடுபவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. 'ட்ராஃபிக்' என்று ஒரு பிரிவும் உண்டு. நான் சேர்ந்த புதிதில் அண்ணா சாலை நெரிசல் நிலவரம் சொல்கிறவர்கள் அவர்கள்தான் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் எந்த விளம்பரம் எந்த இடைவெளியில் போக வேண்டும் என்று அடுக்குகிறவர்கள் அவர்கள்.

ஆர்.ஜே. இடம் ஒன்று காலியானால் நூறு பேர் நிற்பார்கள். சுத்தமாக எடிட் செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் நாங்கள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பேச வந்து எடிட்டிங் கற்றவர்களும், எடிட்டிங்குக்கு வந்து ஒரு நாள் ஆள் வராததால் மைக் முன்னால் உட்கார்த்தப்பட்டவர்களும் இந்தத் தொழிலில் நிறைய. இரண்டாவது வழி கொஞ்சம் சுலபம் என்பது என் கருத்து.

அப்ரண்டிஸ்ஷிப் என்று ஒன்று ரேடியோவில் உண்மையிலேயே இருக்கிறதா?

சட்டத்தில் இருக்கிறது. அப்ரண்டிஸ் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது. வெகுகாலம் அது ஐ.டி.ஐ., டிப்ளமோ, இன்ஜினியரிங் ஆட்களுக்கானதாகவே இருந்தது, 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் பி.ஏ., பி.எஸ்ஸி., விஸ்காம் படித்தவர்களுக்கும் கதவு திறந்தது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோக்காரர்களுக்கும் மத்திய அரசின் நாட்ஸ் (NATS, தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) இருக்கிறது, இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

சரி, அப்படியானால் ஏன் எந்த ஸ்டுடியோவும் அப்ரண்டிஸ் வேண்டும் என்று விளம்பரம் கொடுப்பதில்லை? 2019 விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் கட்டாயமாக அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும், மொத்த ஆள்பலத்தில் 2.5-இலிருந்து 15 சதவீதம் வரை. நான்கு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை என்றால் விருப்பப்பட்டால் எடுக்கலாம். அதற்கும் கீழே இருக்கிற எங்களைப் போன்ற மூன்று பேர் கடை இந்தக் கணக்கிலேயே வராது. தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு வேலையில் பெரும்பகுதி நடப்பதோ இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான். பெரிய ஊடக நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தாலும் அவர்களைக் கணக்குப் பிரிவிலோ விற்பனையிலோ போட்டுவிட வாய்ப்பு அதிகம். அதனால் நாட்ஸில் பதிவு செய்து வையுங்கள், காசு செலவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நம் ஊரில் இந்தத் தொழிலை 'அசிஸ்டென்ட்', 'ட்ரெய்னி', 'இன்டர்ன்' என்று ஏதாவது ஒரு பெயரில் ஒருவரிடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்கிறோம், பெயர் எதுவானாலும் அதுவும் அப்ரண்டிஸ் வேலைதான்.

எவ்வளவு கொடுப்பார்கள்?

நாட்ஸ் வழியாகப் போனால் 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று இருந்தது, இப்போதைய தொகையை நாட்ஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை அரசு ஏற்றுக்கொள்ளும், நேர்காணலில் நீங்களே இதைச் சொன்னால் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் பல மேலாளர்களுக்கே இது தெரியாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பி.எஃப்.பும் கிடையாது.

சின்ன ஸ்டுடியோக்களில் கணக்கே வேறு. பஸ் காசும் மதியச் சாப்பாடும் மட்டும் கொடுக்கிற இடமும் உண்டு, மரியாதையாக மாதச் சம்பளம் போடுகிற இடமும் உண்டு. என் முதல் இடத்தில் 'மூன்று மாதம் பார்க்கலாம்' என்றார்கள். ஏழாவது மாதத்திலும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். நான் செய்த ப்ரோமோக்கள் தினமும் ஓடிக்கொண்டிருந்தன, வீட்டில் அம்மாவிடம் பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொண்டு போனேன். அதனால் இப்போது யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: சம்பளமில்லாமல் போவதானால் ஒரு மாதம், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். எத்தனை நாள், என்ன வேலை, எவ்வளவு, முடிவில் சான்றிதழ் உண்டா என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ததை உங்கள் டெமோவில் (வேலை கேட்கும்போது அனுப்பும் மாதிரிப் பதிவு) போட்டுக்கொள்ள அனுமதி உண்டா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள், இதை யாரும் கேட்பதில்லை, பிறகு கையில் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள்.

போனதும் என்ன வேலை கொடுப்பார்கள்?

கேபிள் சுற்றச் சொல்வார்கள். சிரிக்காதீர்கள், நான் ஒரு புதிய ஆளை எடுக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். கொடிக்கயிறு மாதிரி முழங்கையில் போட்டுச் சுற்றினால் உள்ளே இருக்கிற கம்பி முறுக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்துவிடும். ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, மறுபடி நேராக. இப்படிச் சுற்றிய கேபிளை ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் நேராகப் போய் விழும். வீட்டில் பழைய எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை எடுத்துப் பழகிக்கொண்டு போங்கள்.

அப்புறம் லாக் எழுதுவது. ஒன்றரை மணி நேரப் பேட்டியைக் கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று குறித்து வைக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் காது தயாராவது இங்கேதான். அதற்கடுத்து வெட்டுவது: 'ம்', 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் எடுப்பது. புதிதாக வருபவர்கள் மூச்சையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள், கேட்டால் மனிதர் தண்ணீருக்கடியில் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். மூச்சு இருக்கட்டும். இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்தால் மட்டும் ஒன்றை எடுங்கள்.

தமிழில் எடிட் செய்கிறவர்களுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது, இங்கிலீஷ் யூடியூப் வீடியோக்களில் யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். நம் வாக்கியத்தில் வினையும் மறுப்பும் கடைசியில் வரும். பேசுகிறவரின் குரலும் கடைசியில்தான் இறங்கும். 'அவர் எங்களுக்குப் பணம் கொடுத்ததாக நான் சொல்லவில்லை' என்று ஒருவர் சொல்ல, கடைசிச் சொல் முணுமுணுப்பாகத் தேய்ந்திருக்க, நீங்கள் அந்த இடத்தில் இசையை ஏற்றினால் போச்சு. 'கொடுத்ததாக நான்' வரைக்கும்தான் ஜனங்கள் காதில் விழும், கொடுத்தார் என்றே எடுத்துக்கொள்வார்கள். இசையை எப்போதும் வினைமுற்று முடிந்து ஒரு துளி அமைதி வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. எங்கே தொடங்குவது?

சமுதாய வானொலியில். இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் பெரிய எஃப்.எம். வேண்டும். நாட்டின் முதல் கல்வி வளாக சமுதாய வானொலியே நம் சென்னையில்தான், அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி தொடங்கியது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி இருந்தது, 2006 இறுதியில் வந்த கொள்கைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்றானது. பாம்பனில் இருக்கிற கடல் ஓசை 90.4 கேட்டிருக்கிறீர்களா? மீனவர்களுக்காகவே நடக்கிற நிலையம் அது.

இந்த நிலையங்களின் சக்தி பொதுவாக 100 வாட்தான், பக்கத்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கேட்டால் பெரிது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி, அதற்கோ அவர்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை. எனவே ஆர்வத்தோடு வருகிறவரை வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். பெரிய நிலையத்தில் இரண்டு வருடம் ஸ்வீப்பர் மட்டுமே வெட்டிக்கொண்டிருப்பீர்கள், இங்கே முதல் மாதத்திலேயே ரெக்கார்டரைக் கையில் கொடுத்து ஊருக்குள் அனுப்பிவிடுவார்கள்.

தப்பும் இங்கேயே செய்துவிடலாம். நான் செய்தது இது. ஒரு வயதான பறை வாத்தியக்காரரை அவர் வீட்டுத் திண்ணையில் பேட்டி எடுத்தேன். தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றுவதை, எந்த அடி எந்தக் காரியத்துக்கு என்பதை, நாற்பது நிமிடம், நிறுத்தாமல், நடுநடுவே வாசித்தும் காட்டினார். கையிலிருந்த ரெக்கார்டரில் பதிவு பட்டனை ஒரு முறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னும், அது தயார் நிலை. இரண்டாம் முறை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரிந்து பதிவு ஓடும். என் விளக்கு நாற்பது நிமிடமும் மின்னிக்கொண்டே இருந்தது. ஹெட்போனில் குரல் அழகாகக் கேட்டதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது அவர் திட்டவில்லை, 'சரி தம்பி, டீ சாப்பிட்டுட்டு ஆரம்பிப்போம்' என்றார், ஆனால் இரண்டாவது முறை சொன்னதில் முதல் முறை இருந்த உயிர் இல்லை. இன்றும் விளக்கைப் பார்க்க மாட்டேன், திரையில் நொடிகள் ஓடுகின்றனவா என்றுதான் பார்ப்பேன்.

ஆகாஷ்வாணியில் சேர முடியுமா?

அகில இந்திய வானொலிக்கு 2023-இலிருந்து எங்கும் அந்தப் பெயர்தான், வீட்டுப் பெரியவர்கள் இன்னும் 'ஆல் இந்தியா ரேடியோ' என்றுதான் சொல்வார்கள். சென்னை நிலையம் 1938-இல், திருச்சி 1939-இல் வந்தவை. நிரந்தர வேலையை எதிர்பார்த்துக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் நிலையங்கள் அவ்வப்போது தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு அழைப்பு விடும்: எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, அதில் தேறினால் வாணி என்ற பயிற்சி. மாதத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கொடுக்க மாட்டார்கள், எனவே அது சோறு போடாது. சொல்லித்தரும். டியூட்டி ரூமில் கியூ ஷீட் (எது எப்போது ஒலிபரப்பாகும் என்று வரிசையாகக் குறிக்கும் தாள்) எழுதும் ஒழுங்கு, நொடிக்கு நொடி நேரம் பார்க்கும் பழக்கம், ல-ள-ழ மாற்றிச் சொன்னால் உடனே திருத்துகிற மூத்தவர்கள், இதெல்லாம் தனியார் நிலையத்தில் யாரும் நின்று சொல்லித்தர மாட்டார்கள். நாடகத்துக்கும் தனியாகக் குரல் தேர்வு உண்டு.

டிகிரி வேணுமா?

ரேடியோவுக்கு ஏதோ ஒரு டிகிரி கேட்பார்கள், எது என்று பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். நாட்ஸுக்கு டிகிரியோ டிப்ளமோவோ கட்டாயம் வேண்டும். சினிமா ஒலி பக்கம் போவதானால் தரமணியில் இருக்கிற அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கென்றே நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் தாங்கும். தனியார் இடங்களில் 'மூன்று மாதத்தில் ஆர்.ஜே., வேலை உத்தரவாதம்' என்று லட்சம் கேட்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் படித்தவர்களில் இப்போது எந்த நிலையத்தில் எத்தனை பேர்? பேர் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் பழக என்னென்ன வேணும்?

லேப்டாப், காதை முழுக்க மூடுகிற ஒரு ஹெட்போன், ஒரு சாதாரண யு.எஸ்.பி. மைக். மைக் இல்லையென்றால் மொபைல் போதும், ஆறு மாதத்துக்கு. எடிட் செய்கிற மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர், என் ஸ்டுடியோவில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது.

காசை மைக்கில் கொட்டுவதற்கு முன்னால் அறையைக் கவனியுங்கள். நம் ஊர் வீடுகளில் எதிரி ஃபேன், அப்புறம் ஃப்ரிட்ஜ், அப்புறம் பக்கத்து வீட்டுக் குக்கர். ஃபேனை நிறுத்தி, பீரோவைத் திறந்து வைத்து, துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினாலே எதிரொலி பாதி குறைந்துவிடும். ஃப்ரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், கிளம்பும்போது சாவி தேடுகையில் திரும்பப் போட ஞாபகம் வரும், இல்லாவிட்டால் மறுநாள் மாவு புளித்துப்போய் வீட்டில் சண்டை. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, நேராக அல்லாமல் கொஞ்சம் சாய்வாக, அப்போதுதான் 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் இடிக்காது. பதிவு செய்யும்போது மென்பொருளில் வைக்க வேண்டியது: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல், சத்தத்தின் உச்சம் மைனஸ் 12-இலிருந்து மைனஸ் 6 டெசிபெலுக்குள். பேச்சு முடிந்ததும் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட அந்தத் துணிதான் வேண்டும், முழு நிசப்தத்தை வைத்தால் பேச்சில் ஓட்டை விழுந்த மாதிரி கேட்கும்.

என் குரல் நல்லா இருக்காது. பரவாயில்லையா?

தயாரிப்பு வேலைக்கு உங்கள் குரலை யாரும் கேட்கப்போவதில்லை. பேச வேண்டுமென்றாலும் கட்டைக்குரல், கம்பீரக்குரல் காலமெல்லாம் போய்விட்டது. ழகரம் வராதது குறைதான், தினமும் பத்து நிமிடம் நாளிதழைச் சத்தமாகப் படித்தால் மூன்று மாதத்தில் வரும். மதுரை, நெல்லை, கோவைப் பேச்சு வாசனை குறையே இல்லை, எதற்காக அதைக் கழுவப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை.

டெமோவில் என்ன வைக்கணும்?

மூன்று நிமிடம். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், நான் உட்பட. முதல் பதினைந்து நொடியில் உங்கள் சிறந்த வேலை வந்துவிட வேண்டும், 'வணக்கம், என் பெயர்' என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கு வருவதில் பத்துக்கு எட்டு ஏதோ ஒரு பிரபல ஆர்.ஜே.யின் நகல், பின்னால் ஹிட் பாட்டு. அதை விடுங்கள். போன வருடம் ஒரு பெண் அனுப்பியது இரண்டு நிமிடம் நாற்பது நொடி: கோயம்பேட்டில் காலை மூன்று மணிக்குக் கறிவேப்பிலைக் கட்டு பிரிக்கிற சத்தம், ஏலக் குரல், ஒரு லோடுமேன் தன் மகள் படிப்பைப் பற்றிச் சொல்லும் நான்கு வரி, கடைசியில் ஷட்டர் இறங்குகிற சத்தம். இசையே இல்லை. பதிவில் கொஞ்சம் காற்று இரைந்தது, ஆனால் எதை முதலில் வைப்பது, எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே கூப்பிட்டேன்.

ஒலி அளவைச் சரிபார்த்து அனுப்புங்கள். பாட்காஸ்டுக்கு மைனஸ் 16 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கிற சராசரி சத்தத்தின் அலகு) என்பது வழக்கமான அளவு, அது தெரிந்த ஆள் என்று பார்த்ததும் புரிந்துவிடும்.

பெண் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். காலை நிகழ்ச்சி என்றால் ஐந்து மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும், சினிமா டப்பிங் பக்கம் போனால் நள்ளிரவு ஆகும். சேர்வதற்கு முன்பே வண்டி உண்டா, ஸ்டுடியோவில் கூட யார் இருப்பார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், ஒலிபுகாத அறை என்பதால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பயிற்சியாளர், அப்ரண்டிஸ் எல்லோரும் அடக்கம். பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், சின்ன ஸ்டுடியோ என்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். 'நீ ட்ரெய்னிதானே' என்று யாராவது சொன்னால் அது பொய்.

ரேடியோவில் செய்தி வாசிக்க ஆசை.

இந்தியாவில் தனியார் எஃப்.எம்.மும் சமுதாய வானொலியும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது, ஆகாஷ்வாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். எனவே செய்தி ஆசை என்றால் ஆகாஷ்வாணி, அல்லது பத்திரிகைகளின் பாட்காஸ்ட் பிரிவு. இலங்கையிலிருந்து கேட்பவர்களுக்கு நிலைமை வேறு, அங்கே தனியார் தமிழ் எஃப்.எம்.களுக்கே செய்திப் பிரிவு உண்டு, செய்தி எழுதத் தெரிந்திருப்பது நேரடியாக வேலைக்கு உதவும்.

ஏ.ஐ. குரல் வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா?

கடைத் திறப்பு விழா, தள்ளுபடி விற்பனை மாதிரியான மலிவு விளம்பர ஸ்பாட்டுகளில் ஏற்கனவே நுழைந்துவிட்டது, மறைப்பதற்கில்லை. குரல் கொடுப்பதை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அடி விழத்தான் செய்யும். ஆனால் அந்த ஏ.ஐ. குரல் 'பட்டம்மாள்' என்பதில் ப-வை எப்படிச் சொல்லுகிறது என்று கேட்டுப் பிடித்து மாற்ற ஒரு காது வேண்டியிருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து ஒருவரைப் பேச வைக்கவும் ஒரு ஆள் போயாக வேண்டும்.

எனக்கு 33 வயசு, ஐ.டி.யில் இருக்கிறேன். லேட்டா?

இல்லை. வேலையை விடாதீர்கள். சனி ஞாயிறில் சமுதாய வானொலிக்குப் போங்கள், ஒரு வருடம் கழித்து யோசியுங்கள்.

ஒரு ஸ்டுடியோவுக்கு எப்படி எழுதுவது?

'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் பேஷனேட்' என்று ஆரம்பிக்கிற மெயிலை நான் திறப்பதோடு சரி. எங்கள் இடத்தில் இப்போது இருக்கிற அசிஸ்டென்ட் எழுதியது இவ்வளவுதான், அவரிடம் கேட்டுத்தான் போடுகிறேன்: 'அண்ணா, உங்க ஒலிப்புத்தகத்துல மூணாவது அத்தியாயம் 12-வது நிமிஷத்துல ஒரு பஸ் ஹாரன் இருக்கு, எடுக்காம விட்டுட்டீங்களா, வேணும்னே வச்சீங்களா? நான் சமுதாய வானொலியில எட்டு மாசமா எடிட் பண்றேன், ரெண்டு நிமிஷ டெமோ இதோட இருக்கு. செவ்வாய், வியாழன் மதியத்துக்கு மேல வர முடியும்.'

எடுக்காமல் விட்டதுதான்.